வடக்குத் தாய்லாந்தில் அமைதியான கிராமம்: அப்பா அம்மாவோடு எங்கே, எப்போது போகலாம்?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்து போய்வரலாம் என்று இருக்கிறோம். பாங்காக்கில் ஒரு ராத்திரி தங்கினால் போதும், பட்டாயா பக்கமே வேண்டாம் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். காலமெல்லாம் வயலில் நின்ற மனிதர், இப்போதுதான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். மலைச்சரிவில் அடுக்கடுக்காக நெல் வயல் இருக்கும் படம் ஒன்றை யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான், "அவ்வளவு உசரத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது, யாரு கட்டுறா" என்று. அதனால் சியாங் மாய் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஏதாவது ஒரு சின்ன ஊரில் நாலைந்து நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்பது திட்டம்.

தேடினால் மே கம்போங் என்ற பெயர்தான் முதலில் வருகிறது. படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் எல்லாப் படத்திலும் கஃபேதான் இருக்கிறது. நிஜமாகவே அமைதியான ஊரா? பையனுக்குத் தேர்வு முடிந்ததும் மார்ச் கடைசியில் கிளம்பலாம் என்று பார்க்கிறோம். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிங்நதி:

வணக்கம். நான் சியாங் மாயில் வேலை பார்க்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் தேதியை மாற்றுங்கள். மார்ச் கடைசி என்பது வடக்குத் தாய்லாந்துக்கு வரவே கூடாத நேரம். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே புகைக் காலம். மக்காச்சோளம் அறுத்த காட்டில் தட்டைக்கு நெருப்பு வைக்கிறார்கள், காய்ந்த காட்டிலும் தீ பிடிக்கிறது, போதாததற்கு மியான்மர், லாவோஸ் பக்கத்துப் புகையும் வந்து சேர்கிறது. இது மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, காற்றும் அசையாத நேரம் என்பதால் புகை வெளியே போக வழியில்லாமல் அப்படியே தேங்கி நிற்கும். உலகத்திலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முதலிடத்துக்கு வரும் நாட்கள் மார்ச்சில்தான் வருகின்றன. வீட்டு வாசலிலிருந்து தினமும் பார்க்கும் டோய் சுதேப் மலையே அந்த வாரங்களில் கண்ணுக்குத் தெரியாது. மலைக் கிராமத்தில் நகரத்தைவிடக் காற்று நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், தீ எரிவதே அங்கேதான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தயவுசெய்து அப்போது வரவேண்டாம்.

உங்கள் அப்பா நெல் பார்க்கத்தான் வருகிறார் என்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலை வயல்களில் பெரும்பாலும் ஒரே போகம், மழையை நம்பிய சாகுபடி. ஜூன், ஜூலையில் நடவு, செப்டம்பரில் பச்சைப் பசேல் என்று நிற்கும், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் அறுப்பு. மார்ச்சில் வந்தால் வெறும் தாளடிக் கட்டைதான் பார்ப்பார். அக்டோபர் கடைசி வாரத்திலோ நவம்பர் முதல் வாரத்திலோ வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், கதிர் முற்றி மஞ்சளாக நிற்கும், குளிரும் பல்லைக் கிட்டும் அளவுக்கு இருக்காது. தீபாவளி விடுமுறையோடு ஒட்டிப் போட முடிந்தால் பையனுக்கும் பள்ளி அதிகம் போகாது.

மே கம்போங் பற்றி. நல்ல ஊர், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சியாங் மாயிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் இருக்கும், மே ஓன் மாவட்டம். ஊருக்கு நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் மர வீடுகள், மேலே அருவி, கோயிலில் ஓடைக்குள்ளேயே கட்டிய சின்ன மண்டபம். அந்த ஊர்க்காரர்களின் பழைய தொழில் மியாங். மலையில் வளரும் தேயிலையைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டிப் புளிக்கவைப்பார்கள். அதைக் கொஞ்சம் உப்பும் இஞ்சியும் வைத்து வாயில் அடக்கிக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். இளைய தலைமுறை அதை விட்டுவிட்டதால் வியாபாரம் படுத்தது, பிறகு மன்னர் பூமிபோல் 1969-இல் தொடங்கிய மலை விவசாயத் திட்டமான ராயல் ப்ராஜெக்ட் வழியாகக் காபி வந்தது, 2000 வாக்கில் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்த விஷயம். ஊர்க் குழு முறை வைத்து வீடுகளுக்கு விருந்தாளிகளைப் பிரித்து அனுப்பும், ஒரே வீடு எல்லாரையும் அள்ளிக்கொள்ள முடியாது, வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்குப் போகும். 1980-களிலேயே ஓடைத் தண்ணீரில் சின்ன மின் நிலையம் வைத்துக் கூட்டுறவாக நடத்திய ஊர் என்பதால் கூடிச் செய்வது அவர்களுக்குப் புதிதில்லை.

ஆனால் சனி ஞாயிறு போனால் அந்த ஒற்றைத் தெருவில் கார் நகராது. சியாங் மாய் முழுக்க அங்கேதான் காபி குடிக்க வரும். திங்கள் மதியம் போய் வியாழன் காலை கிளம்பினால் நீங்கள் கேட்கிற அமைதி கிடைக்கும். நீண்ட விடுமுறைகளும், டிசம்பர் கடைசி வாரமும் கூடவே கூடாது.

மலைநடை:

பிங்நதி சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன், தேதியை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் மே கம்போங்கில் நெல் வயல் கிடையாது, அது தேயிலை, காபி ஊர். உங்கள் அப்பாவுக்கு அது பத்தாது. அவருக்கு மே க்லாங் லுவாங்தான் சரி.

தாய்லாந்தின் உயரமான மலை டோய் இன்தனோன், 2565 மீட்டர். அந்தத் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிற, கரேன் என்ற மலைவாழ் மக்களின் ஊர் இது. தங்களைப் பகாக்யோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். தார் ரோடு ஊர்வரை போகிறது, ஏற்றம் ஏறித் திணற வேண்டியதில்லை, முழங்கால் வலிக்கு இது முக்கியம். தங்கும் குடிசைகள் வயல் ஓரத்திலேயே இருக்கின்றன, திண்ணையில் உட்கார்ந்தால் கால் நீட்டும் தூரத்தில் கதிர். வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, அதையும் கணக்கில் வையுங்கள். பக்கத்தில் ஃபா டோக் சியூ என்று ஓர் அருவி நடைபாதை இருக்கிறது, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அந்தப் பணம் அவர்கள் வீட்டுக்கே போகிறது என்பதால் தயங்காமல் கொடுக்கலாம். அப்பா வரமுடியாவிட்டாலும் நீங்களும் பையனும் போங்கள். நடை முடிகிற இடத்தில் கரேன் வீட்டில் காபி போட்டுத் தருவார்கள். கொட்டையை எதிரிலேயே வறுத்து, கையால் அரைத்து, மூங்கில் குவளையில். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவசரமில்லாமல் குடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் அநேகமாகப் பா பொங் பியாங்காக இருக்கும், மே ஜேம் மாவட்டம். அடுக்கு வயல் என்றால் அதுதான் உச்சம், மறுக்கமாட்டேன். ஆனால் கடைசித் தூரம் மண் பாதை, மழை முடிந்த கையோடு போனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பெரியவர்களுக்கு வேண்டாம்.

அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வடக்கில் இதற்கு முவாங் ஃபாய் என்று பெயர். ஆற்றின் குறுக்கே மூங்கில் கழிகளை நெருக்கமாக அடித்து, கல்லும் மண்ணும் கொட்டித் தண்ணீரை உயர்த்தித் திருப்புவது ஃபாய். அங்கிருந்து வயலுக்குப் போகிற வாய்க்கால் முவாங். அணை தண்ணீரை முழுக்க அடைக்காது, இடுக்கில் கசிந்து கீழே இருக்கிற ஊருக்கும் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் வாங்குகிற விவசாயிகள் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நடவுக்கு முன்னால் வீட்டுக்கு இத்தனை கழி, இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு எல்லாரும் வந்து அணையைச் செப்பனிட வேண்டும், வராதவருக்கு அபராதம். நிலத்தின் அளவைப் பொறுத்துத் தண்ணீர்ப் பங்கு. வருடத்துக்கு ஒருமுறை அணையைக் காக்கிற தெய்வத்துக்குப் படையலும் உண்டு. 1296-இல் சியாங் மாயை நிறுவிய மன்னர் மங்ராயின் பெயரில் வழங்கும் பழைய சட்டத் தொகுப்பிலேயே இதற்கான விதிகள் இருக்கின்றன. நம் ஊர்க் குடிமராமத்தும், தண்ணீர் பங்கிடுகிற நீர்க்கட்டியும் எப்படியோ அப்படித்தான். இப்போது பல இடங்களில் காங்கிரீட் தடுப்பணை வந்துவிட்டது, ஆனால் ஊர்க் குழு பல இடங்களில் இன்னும் நடக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் பள்ளத்தாக்கு ஊர்களில். கரேன் மலை வயல்களில் ஓடையைச் சின்னச் சின்ன வாய்க்காலாகத் திருப்பி மேல் வயலில் விடுகிறார்கள், வரப்பில் வைத்த வாய்மடை வழியாக ஒவ்வொரு வயலாக இறங்கும். சில இடங்களில் பிளந்த மூங்கிலே குழாய். அப்பா குனிந்து அந்த மடையைப் பார்த்தால் வீட்டுக்காரரே வந்து பேச ஆரம்பித்துவிடுவார், பாஷை ஒரு தடையே இல்லை.

பச்சைமிளகாய்:

அம்மா சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன் தம்பி, நானும் சைவம்தான். இங்கே சைவம் என்று சொன்னால் புரியும், ஆனால் அவர்கள் நினைக்கிற சைவத்தில் மீன் சாறு வந்துவிடும். நாம் உப்புப் போடுகிற இடத்தில் எல்லாம் அவர்கள் "நாம் ப்லா" ஊற்றுகிறார்கள், அது மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. வடக்கில் தனியாக இறால் விழுதும் சேரும். கொதிக்கிற கீரைக் குழம்பைப் பார்த்தால் நம் வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கும், உள்ளே பன்றி எலும்பு கிடக்கும். அதனால் சைவத்துக்கு அவர்கள் சொல்கிற "மாங்ஸவிரத்" என்ற வார்த்தையைச் சொல்வதைவிட "கின் ஜே" என்று சொல்லச் சொல்லுங்கள். ஜே என்றால் கறி, மீன், முட்டை, பால், மீன் சாறு, பூண்டு வெங்காயம் உட்பட எதுவும் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். கூடவே "மை ஸை நாம் ப்லா" என்றும் சொல்லுங்கள், மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை என்றால் ஜே சாப்பாடு கிடைக்கும். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் ஒன்பது நாள் ஜே நோன்பு வரும், அந்தச் சமயத்தில் எங்கே திரும்பினாலும் அந்தக் கொடிதான். நீங்கள் வருகிற தேதிக்கு முன்பே அது முடிந்துவிடலாம், நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் கடை இருக்காது, வீட்டுச் சாப்பாடுதான். அது ஒருவகையில் நல்லது, கேட்டுச் செய்யச் சொல்லலாம். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், போய் இறங்கின பிறகு சொன்னால் அவர்களுக்குச் சங்கடம், ஏற்கெனவே சமைத்து வைத்திருப்பார்கள். அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கப் போவது பசைச் சோறு. சாதத்தை மூங்கில் கூடையில் மூடி வைத்திருப்பார்கள், கையால் பிய்த்து உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள "நாம் ப்ரிக் நும்" என்ற துவையல். பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் தணலில் தோல் கருக வாட்டி, உரித்து, கல் உரலில் நசுக்குவார்கள். இதை மீன் சாறு இல்லாமல் உப்புப் போட்டு இடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தணல் வாசனையும் காரமும், சத்தியமாகச் சொல்கிறேன், அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் செய்வார். அவித்த பூசணி, பீர்க்கங்காய், பீன்ஸ் பக்கத்தில் வைப்பார்கள். அம்மா பூண்டு வெங்காயம் சாப்பிடுவார் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஜே என்று சொன்ன பாவத்துக்கு அதையும் எடுத்துவிடுவார்கள்.

ஊறுகாய், பருப்புப் பொடி ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். ஆனால் முதல் வேளையே அதைத் திறந்து வைக்காதீர்கள், சமைத்துப் போட்டவர் மனம் சுணங்கும்.

வெண்ணாற்றங்கரை:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. முவாங் ஃபாய் பற்றி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அபராதம் எவ்வளவு என்று கேட்கிறார். தேதியை அக்டோபர் கடைசிக்கு மாற்றிவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு பயண முகவர் கொடுத்த திட்டத்தில் "நீண்ட கழுத்துப் பெண்கள் கிராமம்" என்று ஒன்று இருக்கிறது, சியாங் மாயிலிருந்து அரை நாள். கிராமம் பார்த்த மாதிரி ஆகிவிடும், எங்கேயும் தங்கவும் வேண்டாம் என்கிறார். அது பரவாயில்லையா? அப்புறம், நாண் மாகாணத்தில் மலைமேல் உப்பு எடுக்கிற ஊர் இருப்பதாக அம்மா எங்கோ கேட்டிருக்கிறார். அங்கே போக முடியுமா?

மலைநடை:

அந்த அரை நாள் கிராமம் வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. கழுத்தில் பித்தளை வளையம் அணியும் கயான் மக்கள் மியான்மரின் கயா மாநிலத்தில் நடந்த போரிலிருந்து தப்பி 1980-களின் கடைசியிலிருந்து மே ஹோங் ஸோன் பக்கம் வந்தவர்கள். அகதிகள் என்பதால் பலருக்கு முழுக் குடியுரிமையும் இல்லை, விரும்பிய இடத்தில் வேலைக்குப் போகவும் வழி இல்லை. சியாங் மாயைச் சுற்றி இருக்கிற பல "கிராமங்கள்" சுற்றுலாவுக்காகவே அமைத்தவை, கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். வாசலில் டிக்கெட், உள்ளே வரிசையாகக் கடை, கடைக்குப் பின்னால் பெண்கள், நாம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அவர்களுக்குப் பிழைப்பு அதில்தான் என்பதும் உண்மை, அதனால் போகிற எல்லாரையும் திட்டவில்லை. ஆனால் ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள நீங்கள் போகிறீர்கள் என்றால் அது அந்த இடமில்லை. அவர்கள் நிஜமாகக் குடியிருக்கிற ஊர் பார்க்க வேண்டும் என்றால் மே ஹோங் ஸோனில் படகில் போகிற ஹுவாய் பூ கெங் இருக்கிறது, அதுவும் ராத்திரி தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, மரவேலையோ நெசவோ கொஞ்சம் கற்றுக்கொண்டு வருவதாக இருந்தால். ஆனால் சியாங் மாயிலிருந்து மே ஹோங் ஸோன் பாதையில் பாய் ஊர் வரைக்குமே 762 வளைவு. அப்பா அம்மாவுக்குத் தலை சுற்றும்.

உப்பு ஊர் போ க்லுவா. கடல் எங்கோ இருக்க, மலை நடுவில் உப்புக் கிணறு. தண்ணீரை இறைத்து, மண் அடுப்பில் பெரிய வாணலி வைத்து விறகு எரித்துக் காய்ச்சுவார்கள். அடியில் உப்புப் படியப் படியக் கரண்டியால் வாரி மேலே தொங்குகிற மூங்கில் கூடையில் போடுவார்கள், மிச்சத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அதே வாணலியில் விழும். பௌத்தர்களின் மழைக்கால நோன்பு மூன்று மாதமும் காய்ச்சமாட்டார்கள். அது அக்டோபரில் முடிந்துவிடும் என்பதால் நீங்கள் போகும்போது அநேகமாக அடுப்பு எரியும். பக்கத்தில் ஸபான் என்ற ஊர், ஆறும் வயலுமாக, நான் பார்த்ததில் நிஜமாகவே சத்தமில்லாத ஊர் அதுதான்.

பிங்நதி:

போ க்லுவா அருமையான இடம், ஆனால் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள் என்பேன். சியாங் மாயிலிருந்து நாண் ஊருக்கே பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஆகும், அதற்கப்புறமும் மலைப் பாதை. கட்டாயம் வேண்டும் என்றால் சியாங் மாயை விட்டுவிட்டு, பாங்காக்கிலிருந்து நேராக நாண் ஊருக்கு விமானத்தில் போங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தால் வண்டிக்குள்தான் இருப்பீர்கள். ஒரே ஊரில் மூன்று ராத்திரி தங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் நாம் வேடிக்கை பார்ப்போம், இரண்டாம் நாள் ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், மூன்றாம் நாள் யாராவது வயலுக்குக் கூப்பிடுவார்கள்.

சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். அமைதி என்றால் சத்தமே இருக்காது என்று இல்லை. விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் ஆரம்பிக்கும், ஊர்த் தலைவர் காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பார், தெரு நாய்கள் குரைக்கும். ராத்திரி எட்டு ஒன்பதுக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும், அதற்குமேல் சத்தமாகப் பேசினால் பலகைச் சுவர் வழியாக எல்லாருக்கும் கேட்கும். வீட்டுக்குள் செருப்பு கூடாது, குழந்தைகளின் தலையைத் தொட்டுக் கொஞ்சக் கூடாது, புத்தர் சிலை பக்கம் கால் நீட்டக் கூடாது. காலையில் பிக்குகள் பிச்சைக்கு வரும்போது அம்மா அன்னம் இட விரும்பினால் இடலாம், அவர்கள்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்பாவின் முழங்காலுக்கு: நிறைய வீடுகளில் தரையில் மெத்தை போட்டுக் கொசுவலை கட்டியிருப்பார்கள், படுத்து எழுந்திருப்பது அவருக்குக் கஷ்டம். மர வீடுகள் தூண்மேல் நிற்பவை, ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். அதனால் கட்டில் இருக்கிறதா, அறை கீழ்த்தளமா, கழிப்பறை உட்காரும் வகையா, அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று முன்பதிவிலேயே கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள். மலையில் அக்டோபர் கடைசியிலேயே ராத்திரி குளிரும், ஸ்வெட்டர், குல்லா வேண்டும்.

வண்டிக்கு ஓட்டுநரோடு கார் எடுத்துவிடுங்கள். சியாங் மாயிலிருந்து மலையடிவாரத்து ஜோம் தோங் ஊர் வரை மஞ்சள் ஸோங்தேவ் (பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பகிர்வு வண்டி) ஓடுகிறது, மலிவுதான், ஆனால் பெட்டியும் பெரியவர்களுமாக அதில் ஏறி, ஜோம் தோங்கில் இறங்கி வேறு வண்டி பிடிப்பது வேண்டாத அலைச்சல். நீங்கள் மட்டும் ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதில் இருசக்கர வண்டிக்கும் முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைச் சாவடியில் அபராதம், விபத்தானால் காப்பீடும் கைவிரித்துவிடும். தாய்லாந்துப் பணமான பாட் ரொக்கமாகச் சியாங் மாயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம்மை நம்ப முடியாது. தாய்லாந்து நுழைவுக்கான டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கிற இணையதளம் எதிலும் நிரப்பாதீர்கள். விசா விதி மாறிக்கொண்டே இருக்கிறது, டிக்கெட் போடும் முன் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

மே க்லாங் லுவாங்கில் வார நாட்களாக மூன்று ராத்திரி, திரும்பும்போது சியாங் மாயில் ஒன்று, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தேதி உறுதியானதும் இங்கே எழுதுங்கள், தமிழிலும் தாய்லாந்து மொழியிலும் அம்மாவின் சாப்பாட்டுக் குறிப்பை ஒரு சீட்டாகத் தட்டச்சு செய்து போடுகிறேன், அச்செடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினால் போதும்.